இறங்குதா, இல்லையா?

பன்னுக்கு மேல் எள்ளு தூவியிருந்தார்கள். தட்டு வந்து மேசையில் உட்கார்ந்ததும் தமயந்தியின் கண்ணில் முதலில் பட்டது அந்த எள்ளுதான். உருகி வழிந்து காகிதத்தில் ஒட்டிக்கிடந்த மஞ்சள் சீஸோ, ஓரத்தில் எட்டிப் பார்த்த கோழிக்கறித் துண்டமோ, வதங்கிய வெங்காயமோ எதுவும் படவில்லை. எள்ளு. திங்கிற பண்டத்துக்கு மேலே யாராவது இப்படி எள்ளை இறைப்பார்களா? எள்ளுருண்டை என்றால் வெல்லம் இருக்கும், எள்ளுப்பொடி என்றால் மிளகாய் இருக்கும், அதெல்லாம் வேறு. இது அமிர்தம் அக்காவுக்குப் பதினாறாம் நாள் ஆற்றங்கரையில் அவள் பிள்ளையின் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு விழமாட்டேன் என்று நின்றதே, அந்த எள்ளு. “தண்ணிய ஊத்தித் தள்ளி விடுங்க தம்பி” என்று ஐயர் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பையன் தள்ளாமல் கையையே பார்த்துக்கொண்டு நின்றான், அப்புறம் யாரோ ஒருத்தர்... சீ, வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன நெனப்பு இது. தமயந்தி கண்ணைத் தட்டிலிருந்து பிடுங்கிச் சுவரில் வைத்தாள். சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பர்கர் படம். அதற்கு மேலேயும் எள்ளு, ஒவ்வொன்றும் பூசணி விதை அளவுக்கு.

எதிரே அவள் மகன் நவநீதன் செல்போனைக் குட்டி முக்காலி ஒன்றில் மாட்டி, வழுக்குகிற மேசையில் அதை நிறுத்துவதற்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வயசு, செல்போன் கடையில் வேலை, மதியச் சாப்பாட்டு நேரத்தோடு இன்னும் அரை மணி நேரம் முதலாளியிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். அவனுக்கு ஒரு யூடியூப் சேனல். திண்டுக்கல்லில் எந்த மூலையில் புதுக்கடை திறந்தாலும் சரி, அம்மாவை நல்ல புடவை கட்டவைத்துக் கூட்டிக்கொண்டு போய், எதிரில் உட்கார்ந்து தின்னவைத்து, அவள் வாயால் தீர்ப்புச் சொல்லவைப்பான். அதைப் பார்ப்பதற்கென்று ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வேலைவெட்டி இல்லாமல் இருக்கிறார்கள். “மா, மூஞ்சியக் கொஞ்சம் தூக்கு. பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்காத. சிரிம்மா.” சிரித்தாள். பேயறைந்தவள் சிரித்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்திருக்கும். அவன் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு செல்போனைப் பார்த்து ஆரம்பித்தான்: “மக்களே, ஐம்பத்தொம்போதே ரூபா! ஏசி ஹாலு, மெத்து மெத்துன்னு சீட்டு, ஐம்பத்தொம்போது ரூபாய்க்கு சிக்கன் சீஸ் பர்கர். நெசமாவே நல்லாருக்கா, இல்ல நம்ம தலையில மொளகா அரைக்கிறாங்களா? அம்மாகிட்டயே கேட்டுருவோம். இறங்குதா, இல்லையா?” அந்தக் கடைசிக் கேள்விதான் இப்போது சேனலுக்கே பெயர். 

இறங்காது. இறங்காது என்று அவளுக்குத் தெரியும், அதுதான் வினையே. தெரியாமல் இருந்தால் முருகா என்று ஒரு கடி கடித்துப் பார்த்துவிடலாம். நேற்று சாயங்காலம் பைக்கை நிறுத்தும்போதே “நாளைக்கு பர்கர்மா” என்று சொல்லிவிட்டான், அப்போதிலிருந்து அவளுக்குப் பன் நினைப்புத்தான். இன்று காலையில் வீட்டில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து டீக்கடையில் ஒரு பன் வாங்கி, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்து, அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, நகக்கண் அளவுக்குப் பிய்த்து வாயில் போட்டாள். என்னா களவாணித்தனம் பண்றோம், ஒரு துண்டு பன்னு திங்கிறதுக்கு. மென்றாள், கூழாகிற வரைக்கும் மென்றாள். விழுங்கியது நெஞ்சுக்கூட்டின் நடுவில் வந்து நின்றுகொண்டது. கீழே போகவும் இல்லை, மேலே வரவும் இல்லை. பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்ற நேரத்துக்குள் பக்கத்து வீட்டு டிவியில் ஒரு சீரியல் முடிந்து, விளம்பரம் வந்து, இன்னொரு சீரியலின் பாட்டும் ஓடி முடிந்துவிட்டது. எச்சில் ஊறி ஊறி வாய் நிறைந்தது, அதையும் விழுங்க முடியாமல் துப்பினாள். கடைசியில் எல்லாம் சேர்ந்து தொட்டியில் வந்து விழுந்தது. விழுந்ததைப் பார்த்தால் சிரிப்பாக இருந்தது, அத்தனூண்டு. இதற்கா இந்தப் பாடு. பங்குனி உத்திரத்தன்று பொங்கலில் கிடந்த ஒரு முந்திரிப்பருப்புத்தான் முதலில் நின்றது. பருப்பு பெரிசு, அவசரத்தில் விழுங்கிவிட்டோம் என்று நினைத்தாள். சித்திரையில் சப்பாத்தி நின்றது. வைகாசியில் இட்லி. இட்லி நின்ற அன்றைக்கு அவளுக்கு ஈரக்குலை நடுங்கியது, ஏனென்றால் அமிர்தம் அக்காவுக்கும் இட்லிதான். இப்போது ஆனி. ரசம் இறங்குகிறது, மோரில் கரைத்த சோறு இறங்குகிறது, கேப்பைக்கூழ் இறங்குகிறது, தண்ணீர் தாராளமாக இறங்குகிறது. தண்ணி இறங்குற வரைக்கும் ஒண்ணுமில்ல, தண்ணி இறங்குற வரைக்கும் அது அல்சர்தான் என்று அவளாகவே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறாள். மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிய ரோஸ் கலர் மருந்து பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கிறது. ஜாக்கெட்டை இரண்டு தரம் பிடித்துத் தைத்தாயிற்று. போன வீடியோவுக்குக் கீழே ஒரு பெண் எழுதியிருந்தாள், ‘அம்மா செம ஸ்லிம் ஆயிட்டீங்க, டயட் சொல்லுங்க ப்ளீஸ்’ என்று. அதை நவநீதன் சத்தமாக வாசித்துக் காட்டினான்.

“இரும்மா, கைய வச்சிடாத. மேல இருந்து ஒரு ஷாட்டு எடுத்துக்கறேன்.” எடுத்துக்கோ, நல்லா எடுத்துக்கோ, சாயங்காலம் வரைக்கும் எடு. அவன் பர்கரின் மேல் மூடியைத் தூக்கி உள்ளே இருப்பதைக் காட்டினான், மூடிவைத்தான், மறுபடி தூக்கினான். அந்த நேரமெல்லாம் தமயந்திக்கு லாபம். சொல்லிவிடலாமா? இப்போதே, செல்போன் அவள் பக்கம் திரும்புவதற்குள், நவநீ, எனக்கு ஒடம்புக்கு முடியலடா என்று ஒரே வரியில். சொல்லாமல் என்ன, அவள் சொல்லத்தான் செய்தாள். சித்திரையில் ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டில் சப்பாத்தியைக் கிள்ளிக் கிள்ளித் தட்டில் வைத்துக்கொண்டே வீட்டுக்காரரிடம் சொன்னாள், “என்னங்க, கொஞ்ச நாளா எனக்குச் சாப்பாடே இறங்கலங்க.” தங்கவேலு லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர், கரண்டுக் கம்பத்தில் ஏறி நின்றபோதெல்லாம் கலங்காத மனுஷன், சட்டென்று கண் கலங்கிவிட்டார். “எனக்கு மட்டும் இறங்குதாக்கும்? வளத்த புள்ளையத் தூக்கி ஓசூர்ல குடுத்துட்டு உக்காந்திருக்கோம். மனசு ஆறுறதுக்கு நாளாகும் தமயந்தி.” தை மாசம்தான் மகள் கோகிலாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அவர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போய் வாசலில் நின்று மூக்கைச் சிந்தினார். கடைசியில் இவள் போய் அவருக்கு ஆறுதல் சொல்லும்படி ஆயிற்று. மறுநாளே கோகிலாவுக்குப் போன் போட்டு, ஒங்கம்மாவுக்கு ஏக்கத்துல சோறு இறங்கலயாம் என்று சொல்லி, அவள் அங்கே அழுது, மாப்பிள்ளை பயந்துபோய், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் ஒரே ரகளை. இல்லங்க, மனசுல இல்ல, தொண்டையில என்று சொல்ல அப்போதே வாய் வரைக்கும் வந்தது. வந்ததை அப்படியே முழுங்கிவிட்டாள். வார்த்தை மட்டும் நல்லா வழுக்கிட்டு இறங்குது பாரேன். ஏன் முழுங்கினாள் என்றால், அவர் சொன்னது நிஜமாக இருந்துவிடக் கூடாதா என்று அவளுக்கு ஓர் ஆசை. துக்கத்தில் சோறு இறங்காமல் போவது ஊர் உலகத்தில் நடக்கிறதுதானே. ஏக்கம் என்றால் ஒருநாள் தீர்ந்துபோகும். மகளை நினைத்து நினைத்து அழக்கூடப் பார்த்தாள். அழுகை வந்தது, சப்பாத்தி போகவில்லை.

இறங்கல என்ற அந்த வார்த்தைக்கு வந்த வாழ்வைப் பாருங்கள். சப்பாத்தி நின்ற அதே வாரத்தில் நவநீதன் அவளைப் பைபாஸ் பக்கம் ஒரு பரோட்டாக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். வாசலிலேயே கல் வைத்து, பஞ்சு மாதிரி பரோட்டா போடுகிற கடை. தமயந்தி ஒரு வாய் வைத்தாள், நின்றுவிட்டது. நிற்கிறதை நிற்கிறது என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, “இறங்கல” என்றாள். நவநீதன் ஒரு நொடி அப்படியே பார்த்தான். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தான். “மா, செம, செம! ஒரே வார்த்தையில கடையையே இழுத்து மூடிட்டியேம்மா!” ராத்திரியோடு ராத்திரியாக அதற்கு ஒரு மேளச் சத்தம் சேர்த்து, அவள் கண்ணை மூடுகிற இடத்தை மெதுவாக ஓடவிட்டுப் போட்டான். நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். காலேஜ் பிள்ளைகள் கேன்டீனில் சாம்பார் சரியில்லை என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கல என்கிறார்களாம். அன்றைக்குப் பயத்தில் செத்துச் செத்துப் பிழைத்தவளுக்கு, அதைக் கேட்டதும் ஒரு நிம்மதி வந்தது, அதை என்னவென்று சொல்ல. அப்பாடா, யாருக்கும் தெரியல. அதற்கப்புறம் கூடுமானவரை ஜிகர்தண்டா, பருத்திப்பால், ஜூஸ்கடை என்று அவளே யோசனை சொல்லித் தள்ளிக்கொண்டு போனாள். நடுவில் தட்டுவடை செட் ஒன்று வந்தது, காளான் தோசை ஒன்று வந்தது. இரண்டுக்கும் இறங்கல. இரண்டுக்கும் மேளம். பரோட்டாக் கடைக்காரர் சோலையப்பன் ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார். சண்டைக்கு வந்திருந்தால் தேவலை. கையில் ஒரு பொட்டலத்தோடு கேட்டுக்கு வெளியிலேயே நின்று, “தாயி, மாவுல குத்தமா, எண்ணெயில குத்தமா, சொல்லிருங்க, திருத்திக்கிறேன். இருபத்திரண்டு வருசமா போடுறேன், யாரும் இறங்கலன்னு சொன்னதில்ல” என்றார். தமயந்தி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, ஒரு குத்தமும் இல்லண்ணே என்று மட்டும் சொன்னாள். அவர் நம்பவில்லை. நம்பாமல் தலையை ஆட்டிக்கொண்டே போனார். அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு துணுக்கை நாக்கில் வைத்து ருசி மட்டும் பார்த்துவிட்டு எடுத்தாள். அமிர்தம்போல இருந்தது.

இப்போது இங்கேயும் கவுண்டரில் நிற்கிற பெண் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சட்டையில் ரெபேக்கா என்று அட்டை குத்தியிருக்கிறது. தட்டைக் கொண்டுவந்து வைக்கும்போதே குனிந்து, “ஆன்ட்டி, கடை தொறந்து பத்து நாள்தான் ஆச்சு. எங்களையும் இறங்கலன்னு சொல்லிராதீங்க ஆன்ட்டி” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் கண்ணில் சிரிப்பில்லை. இந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்ல? இறங்குது என்று சொல்ல வேண்டுமானால் இறங்க வேண்டும், காமிராவுக்கு முன்னால் கழுத்து அசைய வேண்டும். இறங்கல என்று சொன்னால் மறுபடி ஒரு பாவம், இன்னொருத்தர் வயிற்றில் அடித்த பாவம். கடிக்காமலே இருந்தால் நவநீதன் துருவித் துருவிக் கேட்பான். கேட்டால் டாக்டர், டாக்டர் என்றால் குழாய் விட்டுப் பார்ப்பார், பார்த்தால் அது என்னவென்று தெரிந்துவிடும். தெரியாத வரைக்கும் அது அல்சர்.

“மா, ரெடி. எடுத்துக் கடி. பெரிய கடியா கடிக்கணும், சின்னதாக் கடிச்சா சனங்க நம்பாது.” இரண்டு கையாலும் எடுத்தாள். சுடச்சுட இருந்தது, காகிதம் பிசுபிசுத்தது. மூக்குக்கு நேரே வந்ததும் அந்த ரொட்டி வாசனை அடித்தது, அவ்வளவுதான், கடையும் இல்லை ஏசியும் இல்லை. மதுரையில் ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி, ஜன்னல் ஓரக் கட்டில், அமிர்தம் அக்கா. ரொட்டி என்றாலே காய்ச்சல்காரர்கள் சாப்பாடுதானே, அதை இப்படி அலங்காரம் பண்ணிப் படம் போட்டு விற்கிறார்கள். அக்காவுக்கு ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, ஓரத்தை வெட்டி எடுத்துவிட்டு, ஸ்பூனில் ஊட்டினாள் தமயந்தி. ஊட்டியதெல்லாம் வாயோரமாக வழிந்தது. அக்கா பேசாமல் படுத்துக்கொண்டு இவளையே பார்ப்பாள். அந்தப் பார்வையைத்தான் தமயந்தியால் தாங்கிக்கொள்ள முடிந்ததில்லை, ஏனென்றால் அதற்கு ஏழு மாசத்துக்கு முன்னால் நடந்தது இரண்டு பேருக்குமே தெரியும். அக்கா இவள் வீட்டுக்கு வந்திருந்தாள். காலைப் பலகாரத்துக்கு இட்லி. பாதி இட்லியைத் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள். “தமயா, ஒன் இட்லி இறங்கலடி” என்றாள். தமயந்திக்கு வந்ததே கோபம். அவள் இட்லியை அந்தத் தெருவே மெச்சும். “ஆமா, ஒனக்கு மருமக கையில வாங்கித் தின்னு நாக்கு நீண்டு போச்சு. எங்க வீட்டு இட்லி கல்லாத்தான் இருக்கும், போ” என்று வெடுக்கென்று சொல்லித் தட்டைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போனாள். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. சாயங்காலமே பஸ் ஏறிவிட்டாள். பத்து நாள் இவள் போன் பண்ணவில்லை, வீறாப்பு. பதினோராம் நாள் அவள் மகன் பண்ணினான், “சித்தி, அம்மாவ ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்காங்க.” இட்லியைச் சொன்னாள் என்று நினைத்தேனே. அவ தொண்டையச் சொன்னாளே, பாவி நான் இட்லியச் சொன்னான்னு நெனச்சேனே.

“மா! எங்க பாத்துக்கிட்டு இருக்க? கேமரா ஓடுது.” ஓடுகிறது, செல்போன் மூலையில் சிவப்புப் புள்ளி விட்டு விட்டு எரிகிறது. ஒருவேளை இன்றைக்கு இறங்கிவிட்டால்? காலையில் அது பழைய பன், டீக்கடைப் பன், வறண்டு கிடந்தது. இது சீஸ் போட்டு, வெள்ளையாய் ஏதோ களி மாதிரித் தடவி, வழுவழு என்று இருக்கிறது, இந்த வழுவழுப்பிலேயே போய்விடாதா? பழனி முருகா, இந்த ஒரு வாய், இந்த ஒரே ஒரு வாய் இறங்கிவிட்டால் முடி இறக்குகிறேன். ஐயோ, வேண்டுதலில்கூட அதே வார்த்தை. கடித்தாள். பெரிய கடியாகவே கடித்தாள், இனி என்ன. முதலில் வந்தது ருசி, அதுதான் கொடுமை. கறி நன்றாக வெந்து மிளகு வாசனையோடு இருந்தது, சீஸ் உப்பாக நாக்கில் படர்ந்தது, நடுவில் ஊறுகாய் போட்ட வெள்ளரிக்காய் நறுக்கென்று புளித்தது. இரண்டு மாசமாக ரசத்தையும் கூழையும் குடித்துச் செத்துக்கிடந்த நாக்கு துள்ளிக்கொண்டு எழுந்தது. மென்றாள். இருபது, முப்பது, நாற்பது. நவநீதன் விரலைச் சுற்றிக் காட்டினான், சீக்கிரம் என்று. வாயில் இருந்தது குழம்பாகி, இனி மெல்ல ஒன்றுமில்லை என்றான பிறகும் மென்றாள். விழுங்கித்தான் ஆக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். போனது. போகிறது, போகிறது, தொண்டையைத் தாண்டிவிட்டது, அம்மாடி, போய்விட்டதா, நெஞ்சுக்குள் கதகதவென்று ஒரு சூடு கீழே நகர்ந்தது, நகர்ந்து வந்து, நின்றது.

நின்றே விட்டது. ஒரு முஷ்டியை உள்ளே வைத்து அழுத்துகிற மாதிரி வலித்தது. நெஞ்சை மூடிய கையால் குத்திக்கொண்டாள். கண்ணில் நீர் கட்டியது. “சூப்பர் மா, அந்த ரியாக்‌ஷன், அப்படியே இரு” என்று நவநீதன் கிசுகிசுத்தான். எச்சில் ஊற ஆரம்பித்துவிட்டது. தண்ணி, தண்ணி குடிச்சாப் போயிடும், தண்ணிதான் எப்பவும் தாராளமாப் போகுதே. தம்ளரை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள். தண்ணீர் போய் அங்கே முட்டியது. முட்டி, போக வழியில்லாமல், வந்த வழியே ஏறிக்கொண்டு வந்தது.  தண்ணி. தண்ணியும் இறங்கல. அவள் போட்டு வைத்திருந்த கோட்டைத் தாண்டியாயிற்று. மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு தட்டில் விழுந்தது, பக்கத்து மேசையில் செல்பி எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் “ஐயய்யோ” என்று நாற்காலியை இழுத்துக்கொண்டார்கள். நவநீதன் எட்டி அவள் உச்சந்தலையில் செல்லமாகத் தட்டினான். “ஒண்ணுமில்ல மக்களே, அம்மாவுக்குப் புரையேறிடுச்சு. யாரோ நெனைக்கிறாங்கம்மா. வேற யாரு, ஓசூர்ல நம்ம கோகிலாதான்.” தட்டிக்கொண்டே சிரித்தான். அமிர்தம் அக்கா நினைக்கிறாளோ என்று தமயந்திக்குத் தோன்றியது.  இருமினாள், ஓங்கரித்தாள், நின்றதில் கொஞ்சம் காகிதத்தில் வந்து விழுந்தது, மீதி அங்கேயே இருந்தது. மூச்சு மட்டும் திரும்பி வந்தது.

“சரி, துடைச்சுக்கோ. இந்த இடத்த வெட்டிருவேன், கவலப்படாத,” என்று ஒரு டிஷ்யூவை நீட்டினான். கவுண்டரில் ரெபேக்கா இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு நின்றாள். “இப்ப சொல்லும்மா. ஐம்பத்தொம்போது ரூபா சீஸ் பர்கர். இறங்குதா, இல்லையா?”

“இறங்கல,” என்றாள் தமயந்தி.

நவநீதன் விரலைச் சொடுக்கிச் செல்போன் பக்கம் திரும்பினான். “கேட்டுக்கிட்டீங்களா மக்களே! தீர்ப்பு வந்தாச்சு!”

“நவநீ.”

“இரும்மா, முடிச்சிர்றேன். மக்களே, நம்ம அம்மா...”

சொடுக்கிய அந்தக் கையை எட்டிப் பிடித்தாள். அவன் என்னவென்று பார்ப்பதற்குள் இழுத்துக் கொண்டுவந்து தன் நெஞ்சின் நடுவில், எலும்பின் மேல் வைத்து, இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டாள். செல்போன் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்து மேசைப் பெண்கள் பார்த்தார்கள், பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். “பர்கர்ல ஒரு குத்தமும் இல்லடா. கறி நல்லா வெந்திருக்கு. சீஸு நல்லாருக்கு. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிரு. எனக்குத்தான் இறங்கல. இங்க வந்து நிக்குது. இந்த எடத்துல. இப்பத் தண்ணியும் நிக்குது. எனக்குப் பயமா இருக்குடா.”

நவநீதன் முதலில் சிரிப்பை நிறுத்தாமல்தான் இருந்தான். அவன் உள்ளங்கைக்குக் கீழே அவள் நெஞ்சு திடுதிடுவென்று அடித்தது. ஜாக்கெட்டுக்கு மேலே கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நின்றதை அவன் பார்த்தான், வீடியோவில் எத்தனையோ தரம் பார்த்ததுதான். முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

“எத்தன நாளாம்மா?”

“பங்குனியிலேர்ந்து.”

“பங்குனின்னா... நாலு மாசமாவா?” அவன் கையை எடுக்கவில்லை. “ஏம்மா? ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“சொன்னேனேடா,” என்றாள் தமயந்தி. “நாலு வீடியோவுல சொன்னேன்.”